கூட்டத்திற்கு வந்த புதியவர்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற பட்டதாரி இளைஞர் அமர்வில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு சற்று விந்தையானது. சென்னை போன்ற மாநகரங்களில் கணினித் தொழில்நுட்பத்தைக் கொண்டு புதிதாகத் தொழில் தொடங்குவோர், ஒருவரையொருவர் சந்திப்பதற்கென்றே கூட்டங்கள் நடத்துகிறார்கள். அவற்றில் கலந்துகொள்வது எப்படி, அவற்றை நடத்துவது எப்படி என்று பேசுமாறு நிர்வாகத்தினர் கேட்டுக்கொண்டார்கள். அரபிக் கல்லூரியில் ஓதி வந்த ஒருவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. கணினி மொழி எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்களைக் கூட்டுவதும், வந்தவரை அமரவைப்பதும், பேச வந்தவர் நேரத்தை மீறாமல் பார்த்துக்கொள்வதும் என் அன்றாட வேலை. அந்த உரிமையில் பேசுகிறேன். மற்றவை நூல்களில் படித்தும், இத்துறையில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டும் அறிந்தவை.

நம் பெரியவர்கள் தொழிலுக்குள் நுழைந்த விதத்தை முதலில் நினைவுகூர்வோம். கைலி வியாபாரமோ, தோல் வியாபாரமோ, இரும்புக் கடையோ, எதுவாயினும், ஊரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இளைஞன் மண்ணடியில் போய் இறங்கினான். அங்கே ஊர்க்காரர் ஒருவருடைய கடை இருந்தது. மாடியில் படுக்க ஓர் இடம், வேளைக்குச் சோறு, அவற்றோடு ‘இவன் இன்னாருடைய பேரன்’ என்று ஒரு சொல். அந்தச் சொல்லின் பேரில் மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குக் கொடுத்தார். கொழும்பிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் நடந்தது இதுதான்.

இன்று நம் பிள்ளைகள் மண்ணடிக்குப் போவதில்லை. தரமணியிலும் பெருங்குடியிலும் சிறுசேரியிலும் அறை எடுத்துத் தங்குகிறார்கள். வேலை கிடைக்கிறது, சம்பளமும் வருகிறது. ஆனால் ஐந்தாறு ஆண்டு உழைத்தபின், சொந்தமாக ஒரு மென்பொருள் செய்து விற்கலாம் என்று ஒருவன் எண்ணும்போது, ‘இவன் இன்னாருடைய பேரன்’ என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. முதல் வாடிக்கையாளரை எங்கே தேடுவது? எந்த ஆடிட்டரிடம் போவது? யாரைக் கூட்டாளியாகச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கலாகாது? இவற்றுக்கு விடை தெரிந்தவர் அதே சாலையில் இரண்டு கட்டடம் தள்ளித்தான் அமர்ந்திருக்கிறார். அறிமுகம்தான் இல்லை. மண்ணடிக் கடை செய்து வந்த வேலையை அந்த நகரத்தில் செய்பவை இந்தச் சந்திப்புக் கூட்டங்களே.

ஒரு வேறுபாடு உண்டு. மண்ணடி நம்மவரை நம்மவருக்கு அறிமுகப்படுத்தியது. இந்தத் தொழிலுக்கு அது போதாது. நம்மவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறிய படித்தவர்களைச் சந்தித்து, ‘இந்த வேலையைப் பற்றி யார் சொல்லித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று விசாரித்தார். அவருடைய கட்டுரை 1973-ல் வெளிவந்தது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காட்டினர்தாம். எப்போதாவது சந்திப்பதாகச் சொன்னவர்கள் 55.6 விழுக்காடு. அரிதாகவே சந்திப்பதாகச் சொன்னவர்கள் 27.8 விழுக்காடு. நெருங்கிய உறவைவிட, எங்கோ ஒருமுறை கைகுலுக்கிய மனிதரே புதிய செய்தியைக் கொண்டுவந்திருக்கிறார். பின்னர் 2022-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிப் பயனர்களை 5 ஆண்டுக் காலத்திற்குக் கவனித்தது. மிக நெருக்கமும் அல்லாத, முற்றிலும் தூரமும் அல்லாத தொடர்புகளே வேலை மாற்றத்திற்கு அதிகம் உதவின என்றும், கணினி சார்ந்த தொழில்களில் இந்த விளைவு கூடுதலாக இருந்தது என்றும் அது கண்டது. ஆகவே, ‘நம் பையன்கள் நாலு பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள், அது போதும்’ என்று ஆறுதல் கொள்ளும் பெற்றோர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். அந்த நால்வருக்கும் தெரிந்தது ஒன்றேதான்.

இத்தகைய கூட்டங்களுக்கெல்லாம் மூத்தது என்று சொல்லத்தக்க ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1975 மார்ச் 5-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவருடைய கார் கொட்டகையில் சுமார் 30 பேர் கூடினார்கள். வீட்டில் வைத்துத் தாமே பூட்டிக்கொள்ளத்தக்க ‘ஆல்டேர் 8800’ என்ற சிறு கணினி அப்போதுதான் வெளிவந்திருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே பலரும் வந்தார்கள். பின்னர் அக்கூட்டத்திற்கு ‘ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்று பெயராயிற்று. ஃபிரெஞ்சுடன் சேர்ந்து அழைப்பு விடுத்தவர் ஃபிரெட் மூர். அவர் பொறியாளர் என்பதைவிடப் போர் எதிர்ப்பாளர் என்றே அதிகம் அறியப்பட்டவர். எல்லோருடைய பெயரையும் முகவரியையும் ஆர்வத்தையும் எழுதி வாங்கி, செய்தி மடல் ஒன்றை அச்சிட்டு அனுப்பினார். கூட்டம் நடத்துபவர் அத்துறையின் பெரிய மேதையாக இருந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை என்பதற்கு அவரே சான்று.

கார் கொட்டகை போதாமல் போனபின், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அணுத்துகள் ஆய்வு மையத்தின் அரங்கில் நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். அங்கே கூட்டத்தை நடத்திய லீ ஃபெல்சென்ஸ்டீன் ஒரு முறையை வகுத்தார். முதலில், விரும்பியவர் எழுந்து நின்று, ‘நான் இன்னதைச் செய்துகொண்டிருக்கிறேன், எனக்கு இன்னது வேண்டும், என்னிடம் இன்னது இருக்கிறது’ என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அமர வேண்டும். கூட்டத்தின் வரைபடம் எல்லோருடைய மனத்திலும் இதனால் பதிந்துவிடும். பிறகு இருக்கைகளை விட்டெழுந்து கலந்து பேசும் நேரம். யாரிடம் போக வேண்டும் என்பது இப்போது ஒவ்வொருவருக்கும் தெரியும். ‘மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டவர்தானே நினைவகச் சில்லு இருப்பதாகச் சொன்னார்’ என்று நேரே அவரிடம் போகலாம். இத்தனை எளிய முறையை, இன்று இலட்சக்கணக்கில் செலவிட்டு நட்சத்திர விடுதியில் நடத்தப்படும் கூட்டங்களில் கூடக் காண்பது அரிது என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

முதற்கூட்டத்திற்கு வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தில் பணிபுரிந்தவர், மிகுந்த கூச்ச சுபாவம் உடையவர். அன்று கேட்டவையே தம்மைச் சொந்தக் கணினி ஒன்றை வடிவமைக்கத் தூண்டின என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். வடிவமைத்த கணினியின் மின்சுற்று வரைபடத்தைப் படியெடுத்து அதே கூட்டத்தில் இலவசமாக விநியோகித்தார். அந்தக் கணினியை விற்பதற்காகத்தான் 1976 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் தொடங்கப்பட்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. அதே கூட்டத்தில் பில் கேட்ஸின் நிறுவனம் விற்றுவந்த மென்பொருளும் படியெடுக்கப்பட்டுக் கைமாறியது. ‘எங்கள் உழைப்பை இப்படி எடுத்துக்கொள்வது திருட்டு’ என்ற கருத்துப்பட அவர் 1976 பிப்ரவரியில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வோஸ்னியாக் கொடுத்தது அவருடைய சொந்தப் பொருள். மென்பொருளைப் பகிர்ந்தவர்கள் கொடுத்தது பிறருடைய பொருள். பெரிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கூட்டங்களில் பேசும்போது இந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தான் கற்றதைச் சொல்லலாம். சம்பளம் கொடுப்பவருடைய வாடிக்கையாளர் பட்டியலையும், வெளிவராத திட்டத்தையும் சொல்லலாகாது.

கலிபோர்னியாவின் அந்தப் பள்ளத்தாக்கு ஏன் வென்றது என்பதை ஆராய்ந்த அன்னாலீ சாக்ஸேனியன் என்ற பேராசிரியை, 1994-ல் வெளியிட்ட நூலில், அதைப் பாஸ்டனைச் சுற்றியுள்ள தொழிற்பகுதியோடு ஒப்பிட்டார். பாஸ்டன் பக்கத்தில் நிறுவனங்கள் பெரியவை. தமக்குத் தேவையான எல்லாவற்றையும் தமக்குள்ளேயே செய்துகொண்டு கதவைச் சாத்தி வைத்திருந்தன. கலிபோர்னியாவிலோ, போட்டி நிறுவனத்தில் இருப்பவனிடமும் மாலையில் போய் ஐயம் கேட்க முடிந்தது. அந்த ஒப்பீட்டைக் குறை கூறுவோரும் உண்டு. ஆயினும் அடிப்படைச் செய்தியை மறுப்பது கடினம்.

இனிச் சென்னைக்கு வருவோம். 2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ‘பார்கேம்ப்’ என்ற கூட்டம் தொடங்கியது. டிம் ஓரெய்லி என்ற பதிப்பாளர், அழைப்புப் பெற்றவர்கள் மட்டுமே வரத்தக்க ஒரு முகாமை நடத்தி வந்தார். அழைப்பில்லாதவர்களும் வரத்தக்கதாக ஒன்று வேண்டுமென்று இளைஞர்கள் சிலர் ஒரு வாரத்திற்குள் ஏற்பாடு செய்ததே பார்கேம்ப். முன்கூட்டியே அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் கிடையாது. காலையில் சுவரில் ஒரு பலகை இருக்கும். பேச விரும்புபவர் தம் தலைப்பை எழுதி ஒட்டிவிட்டுப் பேசலாம். மறு ஆண்டே, அதாவது 2006-லேயே, சென்னையிலும் பார்கேம்ப் நடைபெற்றது. அதற்கு முன்பிருந்தே லினக்ஸ் பயனர் குழுவினர் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடி வந்தார்கள். பைத்தான் என்ற கணினி மொழியைப் பயில்வோர் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கூடினார்கள். பதாகை இல்லை, மாலை மரியாதை இல்லை, சனிக்கிழமை தவறாமல் நடந்ததே சிறப்பு.

சென்னையின் மென்பொருள் நிறுவனங்களின் வரலாற்றிலும் இதைக் காணலாம். 1996-ல் தொடங்கப்பட்டு இன்று ஜோஹோ என்ற பெயரில் விளங்கும் நிறுவனத்தில் பணிபுரிந்தவர்கள் பலர் வெளியே வந்து தனித்தொழில் கண்டார்கள். அவர்களுள் கிரீஷ் மாத்ருபூதம் தம் நண்பருடன் 2010-ல் தொடங்கிய நிறுவனமே ஃபிரெஷ்வொர்க்ஸ். 2021 செப்டம்பரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இத்தகையோர் தாம் கற்றதைத் தமக்குப் பின் வருவோருக்குச் சொல்லும் பொருட்டு உருவாக்கியதுதான் ‘சாஸ்பூமி’ என்ற அமைப்பு. தொழில் முனைவோரே தொண்டர்களாக நின்று நடத்துகிறார்கள். அதன் அமர்வுகளில் தொழில் முனைவோர் மட்டும் அமர்ந்து, வெளியே சொல்லத் தயங்கும் நட்டங்களையும் சொல்லிக்கொள்கிறார்கள். சபையில் நம்பிச் சொல்லப்பட்டது அமானிதம் என்பது நமக்குச் சிறு வயதிலேயே கற்பிக்கப்பட்டது. அந்த ஒழுக்கம் இல்லாத இடத்தில் யாரும் உண்மையைப் பேசமாட்டார்கள். வெற்றிக் கதை மட்டும் பேசப்படும் மேடைகளால் யாருக்குப் பயன்?

நம் இளைஞர்கள் என்னிடம் மனம்விட்டுச் சொல்லும் ஒரு சங்கடம் உண்டு. பெருநகரங்களில் இத்தகைய சந்திப்புகள் பல, மாலையில் தொடங்கி இரவு விருந்தில் முடிகின்றன. விருந்தில் மது பரிமாறப்படுகிறது. மேடைப் பேச்சு முடிந்ததும் நம் பிள்ளைகள் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆனால் மெய்யான அறிமுகங்கள் அதன்பிறகுதான் நடக்கின்றன. மாலை 6 மணிக்குத் தொடங்கும் கூட்டத்தின் நடுவில் மக்ரிப் வேறு வந்துவிடுகிறது. அந்நேரம் எழுந்து வெளியே போனால் மரியாதைக் குறைவாகக் கருதுவார்களோ என்ற அச்சம். இது நமக்கு மட்டுமே உரிய சங்கடம் அன்று. வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெண்களும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும் அதே நேரத்தில்தான் வெளியேறுகிறார்கள். இரவு விருந்தில் எஞ்சுவோர் யார் என்று எண்ணிப் பாருங்கள். வாய்ப்புகள் அவர்களுக்குள்ளேயே சுற்றிவருவதில் வியப்பென்ன?

மதுவைப் பற்றி நமக்குள் இரண்டு கருத்து இல்லை, ஆகவே அதை நான் இங்கே நீட்டவில்லை. நேரத்தை மாற்றலாம் என்பதே நான் சொல்ல வருவது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் கௌஃப்மன் அறக்கட்டளையினர் 2012-ல் ‘பத்து லட்சம் கோப்பை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கூட்டத்தைத் தொடங்கினார்கள். புதன்கிழமை காலை 9 மணி, கையில் ஒரு கோப்பை காபி. புதிய தொழில் தொடங்கிய இருவர் ஆளுக்கு 6 நிமிடம் பேசுவார்கள். 20 நிமிடம் கேள்விகள். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே: ‘நாங்கள் உங்களுக்கு என்ன உதவி செய்யலாம்?’ அவ்வளவுதான். அது பல அமெரிக்க நகரங்களுக்கும் பரவியது. காபிக்கும் காலை நேரத்திற்கும் சென்னையில் என்ன பஞ்சம்?

கூட்டம் நடத்த முன்வருவோருக்குச் சில சொற்கள். வாசலில் நிற்கும் ஆள்தான் கூட்டத்தின் உயிர். மேடை அலங்காரத்தில் செலுத்தும் கவனத்தில் பாதியை வாசலில் செலுத்துங்கள். தனியே வந்து, சுவரோரம் நின்று, கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்யும் ஒரு புதியவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரிடம் போய், ‘நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டு, அதற்குப் பொருத்தமான ஒருவரிடம் அழைத்துச் சென்று, இருவரையும் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இதற்கென்றே இரண்டு பேரை நியமியுங்கள். அவர்களுக்கு அன்று வேறு எந்த வேலையும் தரலாகாது. மார்பில் குத்தும் பெயர் அட்டையில், பெயருக்குக் கீழே ‘எனக்குத் தேவை’ என்று ஒரு வரி எழுத இடம் விடுங்கள். சமோசாவுக்குப் பணம் தந்தவர் அரை மணி நேரம் தம் நிறுவனத்தைப் புகழ்ந்து பேச வேண்டும் என்பார். அவருக்கு 2 நிமிடம் கொடுங்கள், மறுத்தால் சமோசாவை விட்டுவிட்டுத் தேநீரோடு நடத்துங்கள். ஒருவருடைய தொலைபேசி எண்ணை மற்றவருக்குக் கொடுக்குமுன் இருவரிடமும் இசைவு கேளுங்கள். கேட்காமல் கொடுத்த எண்ணால் மனத்தாங்கலே மிஞ்சும்.

கூட்டத்திற்குப் போவோருக்கும் ஒன்றிரண்டு. கூட்டம் என்றாலே முதலீட்டாளர் கையில் காசோலையோடு காத்திருப்பார் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மேடையிலிருந்து அவர் இறங்கியதும் முப்பது பேர் சூழ்ந்துகொள்வார்கள், முப்பத்தோராவது ஆளாக நின்று அட்டையை நீட்டுவதில் பயனில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர், உங்களைவிட ஓராண்டு முன்னால் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவராக இருக்கலாம். அவரே உங்களுக்கு அன்றைய இலாபம். ‘முதலீட்டாளர் முன் பேச வாய்ப்புத் தருகிறோம், இவ்வளவு கட்டணம் செலுத்துங்கள்’ என்று கேட்பவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். வாரம் மூன்று கூட்டங்களுக்குப் போய், எல்லோருடனும் படமெடுத்துக்கொண்டு, சொந்த வேலையில் ஒரு வரிகூட எழுதாத இளைஞர்களும் இருக்கிறார்களாம். அதற்கு இந்த உரை சான்றிதழ் அல்ல!

அமெரிக்காவில் போல்டர் என்ற ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம்தான், நம் மாவட்டத் தலைநகர் அளவுகூட இருக்காது. 1995-ல் அங்கே குடியேறிய பிராட் ஃபெல்ட் என்ற முதலீட்டாளர், முன்பின் தெரியாத எவரும் வந்து 15 நிமிடம் பேசலாம் என்று நாட்கள் ஒதுக்கி உட்கார்ந்தார். புதிய நிறுவனங்களுக்குப் பயிற்சி தரும் டெக்ஸ்டார்ஸ் அந்த ஊரில்தான் 2006-ல் உருவானது. தம் அனுபவத்தை அவர் 2012-ல் நூலாக எழுதினார். தொழில் முனைவோரே முன்னின்று நடத்த வேண்டும், அரசும் கல்லூரிகளும் துணைநிற்க வேண்டும், வர விரும்பும் எவரையும் தடுக்கலாகாது, 20 ஆண்டு நடத்தும் எண்ணத்தோடு தொடங்க வேண்டும் என்கிறார். ஓராண்டு ஆரவாரமாக நடத்திவிட்டு, மறு ஆண்டு தலைவர் மாறியதும் கைவிடுவது நம்மிடையே பழகிப்போன ஒன்று. ஓதும் காலத்தில் வியாழன் இரவுகளில் நாங்கள் பேச்சுப் பயிற்சி மன்றம் நடத்துவோம். கேட்பதற்கு ஆறு பேர் இருந்த வாரங்களும் உண்டு. ஆறு பேருக்காகவும் உஸ்தாத் வந்து உட்கார்ந்திருப்பார்.

நிறைவாக, நிர்வாகத்தின் பார்வைக்கு ஒரு வேண்டுகோள். இரு பெருநாள்களின்போதும் சென்னை, பெங்களூரு, துபாய் ஆகிய ஊர்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். பெருநாளுக்கு மூன்றாம் நாள் காலை 10 மணி முதல் லுஹர் வரை, ஜமாஅத் திருமண மண்டபத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அமர்வு நடத்தலாம். மதுரை, திருநெல்வேலி, ஈரோடு ஆகிய ஊர்களில் தமிழ்நாடு அரசின் புத்தொழில் இயக்கத்திற்கு வட்டார மையங்கள் உள்ளன. ஏதேனும் ஒன்றிலிருந்து அலுவலர் ஒருவரை அழைக்கலாம். நம் மஹல்லாவினர் மட்டுமின்றி, பக்கத்துத் தெரு, பக்கத்து ஊர், பொறியியல் கல்லூரி மாணவர் என யார் வந்தாலும் நாற்காலி போட வேண்டும். பெண்களுக்குத் தனி வழியும் இடமும் மட்டும் போதாது, எழுந்து தம் தொழிலைச் சொல்ல ஒலிபெருக்கியும் அவர்கள் பக்கம் போக வேண்டும். தேநீர்ச் செலவைத் தாங்களே ஏற்பதாக இளைஞர்கள் கூறியிருக்கிறார்கள். வாசலில் நிற்பதற்கு இரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். மண்டப வாடகையைப் பற்றி மட்டும் செயலாளர் அவர்கள் அடுத்த கூட்டத்தில் முடிவு சொன்னால் போதும்.